பதினொன்று என்றேன்

ஜூன் 3, செவ்வாய்

காலைப் பேருந்தில் உலகம்மாள் அம்பாசமுத்திரம் போனாள், தம்பி வீட்டுக்கு. மூட்டுவலிக்கு ஓய்வு. ஒரு மாதம். விசாரித்த அக்கம்பக்கத்தாரிடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மையும் ஏறக்குறைய இதுதான்.

கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசலில் நின்று கோழிகளை எண்ணினாள். ஏழு பெட்டை, ஒரு சேவல், மூன்று குஞ்சு. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினோரு உசிரு. ஒரு மாசம் இதுகள உசிரோட வச்சிருந்தீங்கன்னா வாரேன்."

"இல்லேன்னா?"

"தம்பி வீடு பெரிய வீடுதான்."

வேடிக்கையாகச் சொன்னாள். நாற்பது வருடத்தில் அவள் வேடிக்கையாக எதுவும் சொன்னதில்லை என்பது மட்டும் சற்று இடிக்கிறது.

நான் கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டு பொது நிர்வாகம் கற்பித்தவன். என்னிடம் படித்த ஒருவன் இன்று துணை ஆட்சியர். கோழி என்பது தலையை முதலில் அனுப்பிவிட்டு உடலைப் பின்னால் வரவழைத்துக்கொள்ளும் பிராணி. இந்த முறையில் இயங்கும் பல துறைகளை நான் அறிவேன். பதினொன்றை ஒரு மாதம் நிர்வகிப்பது பெரிய காரியமல்ல.

மதியத்துக்குள் சீர்திருத்தங்கள் முடிந்தன. கொல்லைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் குறுந்தகடுகளைத் தொங்கவிட்டிருந்தாள். 'பொது நிர்வாகம்: ஓர் அறிமுகம்' என்று அஞ்சல்வழி மாணவர்களுக்காக நான் பேசிப் பதிவு செய்த தொடர். விற்காமல் மிஞ்சியவை. அவற்றைப் பருந்துக்குப் பூச்சாண்டி காட்டத் தொங்கவிட்டிருக்கிறாள். அவிழ்த்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன். கூண்டுக்கடியில் உடைமுள்ளைக் குப்பையாகத் திணித்து வைத்திருந்தாள். இழுத்துப் போட்டு எரித்தேன். கொல்லை இப்போது பார்க்கும்படி இருக்கிறது.

கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டு. தெருநாய்க்கு அதில் தினம் சோறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெருவைத் தினம் ஒரு முறை சுற்றிவிட்டு எங்கள் கொல்லையில் வந்து படுப்பதால் அதற்குத் தாசில்தார் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாத ஒருவருக்கு நிரந்தரப் படி. இன்றோடு நிறுத்தினேன்.

ஜூன் 4, புதன்

மாலை பேசினாள். "எத்தன இருக்கு?" பதினொன்று என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. குறிப்புக்காக எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் பகுதிக்கு அறிஞர் நகர் என்று பெயர். இருபத்திரண்டு மனைகள், ஒன்பது வீடுகள், மீதி உடைமரம் மண்டிய உடங்காடு. அறிஞர்களின் விகிதம் இதைவிடக் குறைவு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஞானப்பூ. கணவன் வளைகுடாவில். நாலு ஆடும் கொஞ்சம் கோழியும் வைத்திருக்கிறாள். எதைப் பற்றியும் கருத்துச் சொல்வாள்.

இன்றும் சொன்னாள். "சார், முள்ள ஏன் எரிச்சிய? மதினி அத மூணு நாளா வெட்டிக் கொண்டாந்து போட்டா."

"சுத்தத்துக்காகம்மா."

"கோழிக் கொல்லைல என்ன சுத்தம்? அமைச்சரா வாராரு?"

படித்தவன் சில விவாதங்களில் கலந்துகொள்ளக் கூடாது.

தாசில்தார் இன்றும் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. தட்டைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி தட்டைப் பார்க்கும். மனு கொடுக்க வந்தவனைப் போல. நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்தரைக்குக் கொல்லையில் நாற்காலி போட்டுத் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிழல் தாளின் மேல் போயிற்று. நிமிர்ந்தபோது பருந்து எழும்பிக்கொண்டிருந்தது, காலில் ஒரு குஞ்சு. தாய்க்கோழி முழங்கால் உயரம் பறந்து விழுந்தது. நான் செய்தித்தாளை வீசினேன். அது பருந்தின் மேல் படவில்லை, தாய்க்கோழியின் மேல் விழுந்தது.

மதிலுக்கு மேல் ஞானப்பூவின் தலை. "காவலா சார்? பேப்பருக்குள்ள மூஞ்சிய வச்சிக்கிட்டிருந்தா பருந்து என்ன, யானையே வந்து தூக்கிட்டுப் போவும்."

மாலை உலகம்மாளிடம் பதினொன்று என்றேன். ஓர் இழப்பை முழுமையாக உறுதி செய்யாமல் மேலிடத்துக்குத் தெரிவிக்கக் கூடாது. நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

இன்னொரு குஞ்சு. பதினொன்று என்றேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் கூண்டைத் திறந்தபோது ஒரு கறுப்புப் பெட்டை வெளியே வரவில்லை. கழுத்தில் இரண்டு பொட்டுக் காயம். தின்னப்படவில்லை. கூண்டின் அடிப்பலகை ஓரத்தில் மண் பறிக்கப்பட்டிருந்தது.

குற்றவாளி யாரென்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்பது நாளாகச் சோறு நிறுத்தப்பட்டவன், சம்பவ இடத்திலேயே படுத்திருப்பவன், தினம் என்னை ஒரு மாதிரி பார்ப்பவன். நோக்கம், வாய்ப்பு, முகபாவம் மூன்றும் பொருந்தின. துணி உலர்த்தும் கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை அந்த நாய். முதல் அடி விழும்வரை வாலாட்டியது. இரண்டாவது அடிக்குப் பிறகு மதிலேறி அந்தப் பக்கம் குதித்தது.

"சார், சார்! அத ஏன் அடிக்கிய?" ஞானப்பூ ஓடிவந்தாள்.

"கோழியைக் கொன்னுட்டும்மா."

செத்த கோழியை மதில் வழியாகக் கையை நீட்டி வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நாய் கடிச்சா தூக்கிட்டுல்லா ஓடும். இது ரத்தத்த மட்டும் குடிச்சிருக்கு. கீரி சார் இது. அந்த உடங்காட்டுல குட்டி போட்டுக் கெடக்கு."

கீரி இரத்தம் குடிப்பதில்லை, அது ஒரு மூடநம்பிக்கை என்று விளக்கினேன். நகர எல்லைக்குள் அது வருவதற்கில்லை என்றும் சொன்னேன்.

"எல்லைக் கல்லு கீரிக்குத் தெரியுமா சார்?"

கோழியைப் பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். சமைக்கலாமே என்றாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பத்து நாளாக ரொட்டியும் வாழைப்பழமும். சத்துள்ள உணவு.

பதினொன்று என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு சிவப்புப் பெட்டை இருக்கிறது. உலகம்மாள் செவலை என்பாள். இரண்டு நாளாக என் நாற்காலிக்கு அடியில் வந்து இறகை உப்பிக்கொண்டு படுக்கிறது. எழுந்திருக்கச் சொன்னால் உறுமுகிறது. விசுவாசம் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் ஆர்வமில்லை. விரட்டினால் மற்றவை கலையும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். பொட்டுக்கடலை தின்னும்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு. மீதியிருந்த குஞ்சும் சேவலும். பட்டப்பகலில், நான் குளித்துவிட்டு வருவதற்குள்.

சேவல் சண்டை போட்டிருக்கிறது. இறகு கொல்லை முழுவதும் சிதறாமல் கூண்டு வாசலில் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. நின்ற இடத்தை விட்டு அது நகரவில்லை. இந்த அமைப்பில் தன் கடமை என்னவென்று தெரிந்து வைத்திருந்தது அது ஒன்றுதான். விடியற்காலை கூவுகிறது என்று அதைப் பற்றி உலகம்மாளிடம் நான் பல புகார்கள் சொல்லியிருக்கிறேன்.

மாலை தொலைபேசியில், "சேவ சத்தத்தையே காணோமே?" என்றாள்.

"மாலையில் எந்தச் சேவல் கூவும்?"

"நம்ம சேவ கூவும்."

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. பதினொன்று என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இழப்பு இல்லை. மழை இல்லை. காற்று மட்டும்.

பொழுது போகவில்லை என்பதால் ஒரு பழைய விஷயத்தைப் பதிவு செய்கிறேன். இந்த மாதம் முதல் தேதி, ஞாயிறு மதியம், என் பழைய மாணவர்கள் இருவர் சாப்பிட வந்திருந்தார்கள். துணை ஆட்சியர் ஒரு கிராமத்தில் குடிநீர்த் தொட்டி கட்டியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல தொட்டி, நல்ல தண்ணீர், யாரும் வந்து எடுப்பதில்லை. மனித இயல்பைப் பற்றி நான் விரிவாகப் பேசினேன். உலகம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "தண்ணி எடுக்கப் போறது பொம்பளைங்க. எத்தன மணிக்குத் தொறந்தா வசதின்னு அவங்கள்ட்ட கேட்டிங்களா தம்பி?" என்றாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "இல்ல மேடம். கேக்கல" என்றான். சட்டைப் பையில் பேனாவைத் தேடினான்.

"அவளைப் போய்க் கேக்காதப்பா" என்றேன். "அவ நிர்வாகம் கோழிக்கூண்டோட முடிஞ்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். பேனாவைத் தேடியவனும் சிரித்தான். உலகம்மாளும் சிரித்தாள். அப்புறம் ரசம் கொண்டுவந்தாள். நல்ல ரசம்.

செவ்வாய்க்கிழமை மூட்டுவலி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

ஜூன் 18, புதன்

ஒன்று. மிச்சம் ஐந்து. பதினொன்று என்றேன். "சரி" என்றாள். அவளுடைய 'சரி' ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிறிதாகி வருவது போல இருக்கிறது. தொலைபேசிக் கோளாறாக இருக்கலாம்.

அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரப் பயணம்தான். போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் கோழிகளை யார் பார்த்துக்கொள்வது?

ஜூன் 19, வியாழன்

சந்தைக்குப் போனேன். நிறம், பருமன், வால் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போய், பொருத்தமான ஆறு உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பெட்டை, ஒரு சேவல், சற்று வளர்ந்த குஞ்சு மூன்று. கோழிக்காரன் என் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவுக கூட இவ்வளவு பாக்க மாட்டாக" என்றான்.

ஐந்தும் ஆறும் பதினொன்று. காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. இனி நான் மாலையில் சொல்வது உண்மையாகவே இருக்கும். இதில் தவறு காண்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள்.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியதும் மதில் மேல் தலை முளைத்தது.

"ஆறா?" என்றாள் ஞானப்பூ.

"ஆறு."

"வெரல நறுக்கிட்டியளா?"

"எந்த விரலை?"

வெகுநேரம் என்னைப் பார்த்தாள். வகுப்பில் இப்படிப் பார்ப்பவன் நானாகத்தான் இருந்திருக்கிறேன். "உங்க வீட்டுக் கோழி பூராத்துக்கும் வலது கால்ல ஓர வெரல் நுனி இருக்காது சார். குஞ்சா இருக்கையிலயே மதினி நறுக்கி மஞ்சப்பத்து போட்டு விட்டிருவா. எங்கோழிக்கு இடது கால். மதில் தாண்டி வாரதுல எது யாருதுன்னு பொறவு எப்படித் தெரியும்?"

செவலையைப் பிடித்துப் பார்த்தேன். உண்மை. இரண்டு வீடுகளுக்கிடையே பன்னிரண்டு ஆண்டாக ஓர் உடன்படிக்கை இருந்திருக்கிறது. ஒரு தகராறும் இல்லாமல் அமலாகியிருக்கிறது. அது இருப்பதே எனக்குத் தெரியாது.

ஞானப்பூ உள்ளே போனதும் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். புதிய கறுப்புப் பெட்டையை மடியில் வைத்துக்கொண்டு வலது காலை இழுத்துப் பிடித்தேன். அது முரண்டு பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டது. கோழி கண்ணைக் கீழிருந்து மேலாக மூடுகிறது. இதை நான் இதற்கு முன் கவனித்ததில்லை.

கத்தரிக்கோல் கூராக இல்லை. ஆறையும் ஞானப்பூவிடமே கொடுத்துவிட்டேன், தற்காலிகப் பாதுகாப்பில். கொடுக்கப் போனபோது பார்த்தேன்: அவள் கோழிக்கூண்டுக்கு அடியில் தாசில்தார் படுத்திருந்தது. முன்னால் ஒரு தட்டு. என்னைக் கண்டதும் எழுந்து ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றது.

"உங்க வீட்டில் எத்தனை போச்சு?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல ஏன் சார் போவுது?"

ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் எண்ணினேன், நாலு.

நடுப்பகலில் அதைப் பார்த்தேன். பழுப்பு நிறம், நீண்ட வால். நான் முள்ளை எரித்துச் சுத்தம் செய்த இடத்தின் வழியாகவே வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள், பாடம் கேட்க வந்தவை போல. சாம்பல் பெட்டையின் கழுத்தைக் கவ்வியது. நான் கத்திக்கொண்டு கம்போடு ஓடினேன். ஓடுவதற்கு முன் கீரி ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பயம் இல்லை, கோபம் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முப்பத்தொரு ஆண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

கோழி என் கையில் செத்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாலை மணி அடித்தது. "எத்தன இருக்கு?"

"மூணு" என்றேன்.

அந்தப் பக்கம் தம்பி வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் கேட்டது.

"ஞானப்பூ நாலுன்னுல்லா சொன்னா?"

"அது காலையில்."

"ஓ" என்றாள்.

ஆக, இணையாக ஓர் அறிக்கை தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பத்து என்று தெரிந்த நாளில் நான் பதினொன்று என்றேன். சரி என்றாள். ஐந்து என்று தெரிந்த நாளில் பதினொன்று என்றேன். சரி என்றாள்.

"ஏன் கேட்டே, தெரிஞ்சுக்கிட்டே?"

"என்னைக்குச் சொல்லுவியன்னு பாத்தேன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "செவலை இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஒரு வாரமா என் நாற்காலியை விட்டு நகர மாட்டேங்குது. என்கிட்ட ரொம்பப் பிரியமா..."

"பிரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடைக்கு நிக்கி. உக்கார ஒரு எருட்டு வேணும் அதுக்கு. சொளகுல மணல் பரப்பி ஒம்போது முட்டைய வையுங்க."

"இங்க முட்டை இருக்கு."

"சேவல் இல்லாத கொல்லை முட்டை பொரிக்குமா? ஞானப்பூட்ட கேளுங்க."

"நீ சொல்லிடேன் அவகிட்ட."

"நீங்க கேக்கணும்."

"சரி. நீ எப்ப வருவே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பதினெட்டு நாளில் இதைக் கேட்பது முதல் முறை என்று நினைவு வந்தது.

"மொதல்ல பொரிக்கட்டும்" என்று வைத்தாள்.

ஜூன் 21, சனி

மதிலருகே மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவள் வேலையாக இருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டேன்.

"என்ன சார், காதுல விழல" என்றாள் ஞானப்பூ. நன்றாக விழுந்தது அவளுக்கு.

"அடை வைக்க ஒன்பது முட்டை வேணும்மா. தயவு செஞ்சு."

பதினோரு முட்டை கொடுத்தாள். ஒன்பதுதான் உத்தரவு என்றேன். ரெண்டு உங்களுக்கு, அவிச்சுத் தின்னுங்க, மூஞ்சி ஒட்டிப் போச்சு என்றாள். முட்டை அவிப்பது எப்படி என்று அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாளில் இரண்டு கேள்வி. அறிஞர் நகரில் இது புதிது.

ஜூன் 24, செவ்வாய்

உடங்காட்டில் முள் வெட்டினேன். கையில் ஏழு இடத்தில் கீறல். மூன்று நாள் வேலை என்று ஞானப்பூ சொன்னது சரியல்ல, எனக்கு ஐந்து நாள் ஆகும்.

மாலையில் அலமாரியிலிருந்து குறுந்தகடுகளை எடுத்துக் கயிற்றில் கட்டினேன். பாடம் ஒன்றிலிருந்து வரிசையாக. காற்றில் அவை சுழன்றன. பருந்து ஒன்று தாழ வந்து, 'அமைப்பும் அதிகாரப் பகிர்வும்' வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. என் விரிவுரை ஒருவரிடத்தில் விளைவை ஏற்படுத்தியதை நேரில் காண்பது இதுவே முதல் தடவை.

ஜூன் 25, புதன்

குழைந்த சோறு. தட்டில் வைத்தேன். வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

வரவில்லை. காகம் தின்றது.

ஜூன் 29, ஞாயிறு

மதில் மேல் ஏறி நின்று பார்த்தது. நான் கொடிக்கம்பைத் தூக்கி ஓட்டுக்கு மேல் எறிந்தேன். அந்தச் சத்தத்தில் மறுபடி ஓடிவிட்டது. கம்பை இனி எடுக்க முடியாது. துணி உலர்த்த வேறு வழி பார்க்க வேண்டும்.

மூன்று என்றேன். "தெரியும்" என்றாள்.

ஜூலை 2, புதன்

மாலை ஐந்து மணிக்குத் தாசில்தார் வந்தார். தட்டில் இருந்ததை நின்றுகொண்டே சாப்பிட்டார், ஒரு கண் என் மேல். பிறகு கூண்டைச் சுற்றி ஒரு நடை போய், நான் திணித்திருந்த முள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. பணிக்குத் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

இன்றோடு ஒரு மாதம். நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். பதினொன்றில் மூன்று.

செவலை எருட்டில், சுளகு மணலில் வைத்த ஒன்பது முட்டை மேல், அசையாமல் இருக்கிறது. தீனிக்கு மட்டும் ஒரு தடவை இறங்கி, அவசரமாகத் தின்றுவிட்டு ஏறிவிடுகிறது. பொரிக்க இன்னும் பத்து நாள். ஒன்பதில் எத்தனை பொரிக்கும் என்று கேட்டதற்கு, அது அவள் இஷ்டம் சார் என்றாள் ஞானப்பூ. யாரைச் சொன்னாள் என்று விளங்கவில்லை.

மாலை உலகம்மாள் பேசினாள். எத்தனை என்று கேட்கவில்லை.

"நாய் சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டுது."

"செவலைக்குத் தண்ணி?"

"பக்கத்திலேயே வச்சிருக்கேன்."

பிறகு, "நீங்க?" என்றாள்.

இன்று காற்று அதிகம். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.